டர்பனில் ஒரு கணக்கு டியூஷன் மையம்: மார்க் ஏறுகிறது, எதனால் என்பதுதான் கேள்வி

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மகன் போகிற கணக்கு டியூஷன் மையம் எப்படி என்று நம் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் பாதியும் கோயில் வாசலில் மீதியுமாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். சொல்லிக்கொடுப்பது நன்றாக இருக்கிறது, இடம் சுத்தம், டீச்சர்கள் பொறுமைசாலிகள், பிள்ளையை அனுப்பலாம். ஆனால் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ‘சேர்வதற்கு முன் இத்தனை மார்க், சேர்ந்த பின் இத்தனை மார்க்’ என்ற பட்டியலை நம்பி அனுப்பாதீர்கள். அந்தப் பட்டியல் பொய் என்று சொல்லவில்லை, அதில் இருக்கும் ஒவ்வொரு மார்க்கும் உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்து டியூஷனால்தான் ஏறியது என்று நிரூபிக்க முடியாது, அவ்வளவுதான். மையத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இது இவர்களிடம் மட்டும் இருக்கிற குறை இல்லை. சேர்ப்பதற்கு முன்னால் ஃபீனிக்ஸ் பக்கமும் ஓவர்போர்ட் பக்கமும் விசாரித்தபோது எல்லா இடத்திலும் இதே மாதிரி பட்டியலைத்தான் எடுத்து நீட்டினார்கள்.

முதலில் இடத்தைப் பற்றி. ஒரு வீட்டோடு சேர்ந்த பெரிய கராஜை மூன்று அறையாகத் தடுத்து வகுப்பாக்கியிருக்கிறார்கள். ஒரு மேஜைக்கு ஆறு பிள்ளைகளுக்கு மேல் உட்கார வைப்பதில்லை. வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம். கட்டணம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு ராண்டுக்குக் கொஞ்சம் குறைவு, பயிற்சிப் புத்தகத்துக்குத் தனிக்காசு, அண்ணன் தம்பி இருவர் சேர்ந்தால் இரண்டாமவருக்குக் கொஞ்சம் குறைப்பார்கள். லோட்ஷெடிங் நேரத்துக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது, கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது. வண்டி நிறுத்துவதுதான் தொல்லை, சாயங்காலம் ஒரே நேரத்தில் எல்லா அப்பா அம்மாவும் வந்து சேர்வதால் அந்தத் தெருவே அடைத்துக்கொள்ளும்.

சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் மகன் கிரேடு 9. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் அவனுக்குத் தடுமாற்றம். 3 − (எக்ஸ் − 4) என்பதை 3 − எக்ஸ் − 4 என்று விரித்து எழுதியிருந்தான். பள்ளியில் இதற்குச் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி விழும், அதோடு சரி. இங்கே அந்த டீச்சர் நோட்டைப் பார்த்தார், தப்பு என்று சொல்லவில்லை, எக்ஸுக்குப் பதில் 10 போட்டு இரண்டு பக்கமும் கணக்குப் போடச் சொன்னார். ஒரு பக்கம் 3 − 6, அதாவது −3. இன்னொரு பக்கம் 3 − 10 − 4, அதாவது −11. அவனே கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசிக் குறியை அழித்துக் கூட்டல் ஆக்கினான். அப்புறம் டீச்சர் 10-க்குப் பதில் 7 போட்டும் பார்க்கச் சொன்னார், ஒரே ஒரு எண்ணுக்குச் சரியாக வந்தால் போதாது என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். இந்தப் பழக்கம் அவனுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, வீட்டிலும் விடை சந்தேகமாக இருந்தால் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கிறான். இதைத்தான் நான் இந்த மையத்தின் பலம் என்பேன், காசு கொடுப்பதும் இதற்காகத்தான். ஆனால் இந்தப் பழக்கம் எந்த மார்க் பட்டியலிலும் ஏறவில்லை.

இப்போது அந்தச் சுவருக்கு வருகிறேன். உள்ளே நுழைந்ததும் எதிரே இருக்கும். பிள்ளையின் முதல் பெயர், பக்கத்தில் இரண்டு எண்கள், நடுவில் பச்சை அம்புக்குறி. 38-லிருந்து 61, 44-லிருந்து 70, இந்த மாதிரி. கீழே ‘ஒரு டேர்மில் சராசரியாக இருபது மார்க் முன்னேற்றம்’ என்று பெரிய எழுத்தில். என் மகனுக்கும் ஏறியது. ஜூன் தேர்வைவிட அடுத்த டேர்ம் டெஸ்டில் நல்ல மார்க், உடனே அவன் பெயரையும் சுவரில் போடலாமா என்று கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

ஏன் பொறுக்கச் சொன்னேன்? பிள்ளையை எப்போது டியூஷனில் சேர்க்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மார்க் விழுந்த உடனே சேர்க்கிறோம். இங்கே ஜூலை விடுமுறை முடிந்ததும் அந்தத் தெருவில் வண்டிக்கூட்டம் இரட்டிப்பாவதற்குக் காரணமே ஜூன் ரிப்போர்ட்தான். அந்த ஒரு தேர்வில் மார்க் குறைந்ததற்குப் பிள்ளையின் அறிவு மட்டுமா காரணம்? முந்தைய நாள் ராத்திரி தூக்கம் இல்லை, சளிக்காய்ச்சல், படிக்காமல் விட்ட பகுதியிலிருந்தே மூன்று கேள்வி, இப்படி அந்த நாளின் கெட்ட நேரமும் அதில் கலந்திருக்கும். அடுத்த தேர்விலும் அத்தனையும் ஒன்றாகக் கூடி வராது, அதனால் எதுவுமே செய்யாமல் விட்டாலும் மார்க் கொஞ்சம் மேலே வரும். காய்ச்சல் உச்சத்துக்குப் போன அன்று கஷாயம் குடித்தால் மறுநாள் காய்ச்சல் இறங்குவதைக் கஷாயத்தின் கணக்கில் எழுதுவது போலத்தான் இது. கஷாயம் வேலை செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம், இறங்கியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புள்ளியியலில் இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பேர். மிகக் குறைந்த மார்க் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடியும் பரீட்சை வைத்தால் அவர்கள் சராசரி ஏறத்தான் செய்யும். எந்த டியூஷன் மையத்துக்கும் பிள்ளைகள் வந்து சேர்வது இந்த மாதிரிப் பொறுக்கி எடுத்த மாதிரிதான்.

இன்னொன்று, ஜூன் தாளும் அடுத்த டேர்ம் தாளும் ஒரே தாள் இல்லை. பாடப்பகுதி வேறு, தாள் எடுத்த டீச்சர் வேறாக இருக்கலாம், திருத்தும் கை வேறு. இயற்கணிதத்தில் 45 வாங்கிய பிள்ளை புள்ளிவிவரமும் நிகழ்தகவும் வரும் டேர்மில் 65 வாங்கினால் அது முன்னேற்றமா, அந்தப் பகுதி அவனுக்குச் சுலபமா? இதை இந்த நாடே ஒரு தடவை பெரிய அளவில் பார்த்திருக்கிறது. 2011-லிருந்து 2014 வரை எல்லா அரசுப் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் ஒரு தேசியத் தேர்வு நடத்தினார்கள், ஏ.என்.ஏ. என்று சொல்வார்கள். மூன்றாம் கிரேடு கணிதத்தின் நாட்டுச் சராசரி 2011-ல் 28 சதவீதம், 2012-ல் 41, 2013-ல் 53. இரண்டே வருஷத்தில் நாட்டின் பிள்ளைகள் இரண்டு மடங்கு கணக்குப் படித்துவிட்டார்கள் என்று யாராவது நம்புவார்களா? ஒவ்வொரு வருஷத் தாளும் வேறு அளவில் கடினமாக இருந்தது, இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவர ஏற்பாடே இல்லை. 2015-ல் ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தார்கள், தேர்வும் நின்றுபோனது. டிம்ஸ் (கணிதம், அறிவியல்), பிர்ல்ஸ் (வாசிப்பு) மாதிரி சர்வதேசத் தேர்வுகளில் சில கேள்விகளை ரகசியமாக வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான், அப்போதுதான் ஒரு வருஷத்தை இன்னொரு வருஷத்தோடு ஒப்பிட முடியும். நாட்டுக்கே இந்த நிலை என்றால் ஒரு பள்ளியின் ஜூன் மார்க்கையும் செப்டம்பர் மார்க்கையும் கழித்து ‘முன்னேற்றம்’ என்று சுவரில் எழுதுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

அப்புறம் எங்கள் வீட்டிலேயே அந்த இரண்டு மாதத்தில் டியூஷன் தவிர வேறு என்னவெல்லாம் மாறியது என்று எழுதிப் பார்த்தேன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போனை வாங்கி வைக்க ஆரம்பித்தோம். பள்ளியில் அதுவரை தற்காலிக டீச்சர்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்த கணக்கு வகுப்புக்கு நிரந்தரமாக ஒருவர் வந்துவிட்டார். காசு கட்டிவிட்டோமே என்று என் மனைவியும் தினமும் நோட்டைப் பார்க்கத் தொடங்கினாள். அவனுக்கும் பதினைந்து வயது நெருங்குகிறது, கொஞ்சம் பொறுப்பு வந்துவிட்டது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தவை, ஒன்றைப் பிரித்து எடுத்து இதனால்தான் இத்தனை மார்க் என்று யாராலும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்தில் டியூஷன் சேர்ந்த அதே மாதம் பெண்ணுக்குக் கண்ணாடி போட்டார்கள், அதுவரை அவளுக்குப் போர்டே சரியாகத் தெரிந்ததில்லை. அந்தப் பெண்ணின் பெயரும் சுவரில் பச்சை அம்போடு இருக்கிறது.

இதையெல்லாம் மையத்தை நடத்தும் அம்மாவிடமே கேட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, சாட்ஸ்வொர்த்திலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் அவருடைய பாட்டி தமிழ் பேசியதைக் கேட்டு வளர்ந்ததால் நாம் பேசுவது புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். எல்லோரும் அவரை ‘மேம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்டதும் கோபித்துக்கொள்ளவில்லை, அதை முதலில் சொல்ல வேண்டும். “மேம், சேர்ந்து இரண்டு மாதத்தில் நின்றுவிட்ட பிள்ளைகளின் மார்க் இந்தச் சுவரில் இருக்கிறதா?” என்று கேட்டேன். இல்லை என்றார். நின்றவர்கள் மார்க்கை அனுப்ப மாட்டார்களே, எங்கிருந்து எடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டது நியாயம்தான். ஆனால் மார்க் ஏறாதவர்கள்தான் பெரும்பாலும் நிற்பார்கள், ஏறியவர்கள் தங்குவார்கள், கடைசியில் தங்கியவர்களை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால் அது ஏறித்தானே இருக்கும்?

சேரும்போது ஒரு நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள், டேர்ம் கடைசியில் இன்னொன்று வைக்கிறார்கள், அந்த இரண்டின் வித்தியாசத்தையும் காட்டினார்கள். முதல் தேர்வு என் மகன் சனிக்கிழமை பள்ளி விளையாட்டு முடிந்து களைத்துப்போய் வந்து, முன்பின் தெரியாத தாளை எழுதியது. கடைசித் தேர்வு அதே பயிற்சிப் புத்தகத்தின் கேள்வி வகையில், டேர்ம் முழுக்கப் பழகிய பின் எழுதியது. அந்த வகைத் தாளை எழுதப் பழகியதும் கணக்கு தெரிந்துகொண்டதும் அந்த வித்தியாசத்துக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

சரி, அப்படியானால் எதைத்தான் நம்புவது? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் விடவில்லை, தேடிப் படித்தேன். ஒரு உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. கென்யாவில் கிராமப் பள்ளிகளில் சுவரில் மாட்டும் பெரிய விளக்கப் படத்தாள்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஏற்கெனவே படத்தாள் வைத்திருந்த பள்ளிகளையும் இல்லாத பள்ளிகளையும் ஒப்பிட்டால், இருக்கும் பள்ளிகளில் மார்க் தெளிவாக அதிகம், மற்ற வசதிகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் குறையவில்லை. அதன்பின் 178 பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்கு மட்டும் படத்தாள்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. முதல் ஒப்பீட்டில் தெரிந்தது படத்தாளின் பலன் இல்லை, படத்தாளைத் தேடி வாங்கி வைக்கும் பள்ளி வேறு பல வகையிலும் அக்கறையுள்ள பள்ளி, அந்த அக்கறைதான் மார்க்காகத் தெரிந்திருக்கிறது. டியூஷனுக்கு அனுப்பும் வீட்டையும் அனுப்பாத வீட்டையும் ஒப்பிடும்போது அங்கும் இதேதான் நடக்கும். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ராண்ட் கட்டக்கூடிய, ரிப்போர்ட் வந்த அன்றே ஓடுகிற பெற்றோரின் பிள்ளைகளுக்கு டியூஷனைத் தவிர இன்னும் எத்தனையோ கிடைக்கிறது.

குலுக்கல் போட்டுப் பார்ப்பதுதான் சரியான வழி, அதையும் தென்னாப்பிரிக்காவிலேயே அழகாகச் செய்திருக்கிறார்கள். நார்த் வெஸ்ட் மாகாணத்தில் 2015-ல் தொடங்கி, சின்ன வகுப்புப் பிள்ளைகள் தாய்மொழியான செட்ஸ்வானாவில் வாசிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றி ஒரு ஆய்வு, 230 பள்ளிகள். ஐம்பது பள்ளிகளில் ஆசிரியர்களை ஒரு இடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு ஐம்பதில் அதே பாடத் திட்டமும் அதே புத்தகங்களும், ஆனால் ஒரு பயிற்சியாளர் வகுப்புக்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். மூன்றாவது ஐம்பதில் பெற்றோர்களைக் கூட்டி வீட்டில் எப்படி உதவுவது என்று சொன்னார்கள். மீதி எண்பது பள்ளிகளை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வகுப்புக்கே பயிற்சியாளர் வந்த பள்ளிகள்தான் தெளிவாக முன்னால், பயிற்சிக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதில் பாதி, பெற்றோர் கூட்டத்தில் தெளிவான பலன் தெரியவில்லை. ஒரு சின்ன விஷயத்தைத் தெரிந்துகொள்ள 230 பள்ளியும் இரண்டு வருஷமும் தேவைப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டேர்மில் ஒரு மையம் எதை நிரூபிக்கும்? ஒரு பிள்ளையின் மார்க் டெஸ்டுக்கு டெஸ்ட் பத்து மார்க் ஏறி இறங்குவது சகஜம், பன்னிரண்டு பேர் சராசரியில் அந்த ஆட்டம் முழுசாக அடங்காது.

குலுக்கல் போட்டுச் செய்தாலும் பதில் உடனே கைக்கு வந்துவிடாது. அடுத்து ம்புமலாங்கா மாகாணத்தில், இந்தத் தடவை ஆங்கில வாசிப்புக்கு, பயிற்சியாளர் நேரில் வருவதற்குப் பதில் டேப்லெட்டும் போனும் வழியாக உதவினால் போதுமா என்று பார்த்தார்கள். ஒரு வருஷம் முடிந்தபோது இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பலன், செலவு மிச்சம் என்று யாருக்கும் தோன்றும். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது நேரில் வந்தவரின் பள்ளிகள்தான் முன்னால், தூரத்திலிருந்து உதவிய பள்ளிகளில் ஆங்கில வாசிப்பில் பலனே தெரியவில்லை. முதல் வருஷத்தோடு நிறுத்தியிருந்தால் தப்பான முடிவோடு போயிருப்பார்கள். எங்கள் மையமும் இப்போது ஆன்லைன் வகுப்பு என்று பாதிக் கட்டணத்தில் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, ஒரு டேர்ம் மார்க்கைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். நான் நேர் வகுப்பிலேயே விட்டிருக்கிறேன்.

‘ஒரு மேஜைக்கு ஆறு பேர்தான்’ என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன வகுப்பு நல்லது என்பதற்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1980-களின் பிற்பாதியில் நடந்த பெரிய குலுக்கல் ஆய்வு ஆதாரமாக இருக்கிறது, பதின்மூன்றிலிருந்து பதினேழு பேர் இருந்த வகுப்புகள் பெரிய வகுப்புகளைவிட நன்றாகச் செய்தன. அதைப் பார்த்து 1996-ல் கலிஃபோர்னியா மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளைக் குறைந்த ஆட்களோடு நடத்த முடிவு செய்தது. அத்தனை வகுப்புக்கும் டீச்சர் வேண்டுமே, முழுத் தகுதி இல்லாதவர்களையும் அவசர அவசரமாக எடுத்தார்கள், எதிர்பார்த்த பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே ஆறு பேர் என்பதைவிட அந்த ஆறு பேருக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். இந்த மையத்தில் சாயங்கால வகுப்புக்கு வரும் டீச்சர் அருமையானவர். சனிக்கிழமை காலை வகுப்புக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வருகிறார்கள், விடையை அவர்களே போட்டுக் காட்டிவிடுகிறார்கள், பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறது. ஒரே மையம், ஒரே கட்டணம், இரண்டு வேறு பொருள்.

எனக்கு ரொம்ப உறைத்த விஷயம் இன்னொன்று. டெல்லியில் பள்ளிக்குப் பின் கணினி வழியாகக் கணக்கும் ஹிந்தியும் சொல்லிக்கொடுக்கும் மையங்களுக்கு, மைண்ட்ஸ்பார்க் என்று பேர், 619 பிள்ளைகளை வைத்துக் குலுக்கல் போட்டார்கள். ஐந்து மாதத்துக்குள் தனியாக வைத்த தேர்வில் கணக்கில் பெரிய முன்னேற்றம். ஆனால் அதே பிள்ளைகளுக்குப் பள்ளியின் கணக்குத் தேர்வில் குறிப்பிடும்படி ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் தங்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று வகுப்பு பின்தங்கி இருந்தார்கள், மையம் அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தது, பள்ளித் தாளோ அவர்கள் வகுப்புக்குரிய கேள்விகளைக் கேட்டது. ஆறாம் வகுப்புப் பின்னத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புத் தாளில் அதைக் காட்ட இடமே இருக்காது. எங்கள் மையத்திலும் சில பிள்ளைகளைக் கீழ் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள், அது சரியான வேலை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு டேர்ம் பார்த்துவிட்டு மார்க் ஏறவில்லை என்று கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மார்க்கை மட்டும் பார்ப்பதால் நல்ல வேலையும் கெட்ட பேர் வாங்கிக்கொண்டு போகிறது, இதைத்தான் நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும், ஊரில் சொந்தக்காரர்கள் இருக்கும் எல்லோருக்கும் இல்லம் தேடிக் கல்வி தெரிந்திருக்கும், பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுத்த அரசுத் திட்டம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்தபின், கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. அதில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு ஏறத்தாழ 24 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். நல்ல திட்டம்தான், நிஜமான பலன்தான். ஆனால் மீதி முக்கால் பங்கு பள்ளி திறந்ததாலும் பிள்ளைகள் தாங்களாகவே தேறியதாலும் வந்தது. அந்தப் பிரித்தறிதல் இல்லாமல் முன் மார்க் பின் மார்க் பட்டியல் போட்டிருந்தால் அத்தனையும் திட்டத்தின் கணக்கில் போயிருக்கும்.

நம் ஊர்க்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம், என்னிடம் கேட்டார்: “அண்ணே, பையனுக்கு மார்க் ஏறிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?” நியாயமான கேள்வி. “தம்பி, சனிக்கிழமை வகுப்புக்காக அவன் கோயில் தமிழ் வகுப்பை விட்டான், தெரியுமா?” என்றேன். இங்கே மேட்ரிக்கில், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வில், தமிழை ஒரு பாடமாக எழுதலாம், அவனுக்கு எழுத்தும் நன்றாக வந்துகொண்டிருந்தது. டியூஷன் காசை மட்டும் எடுக்கவில்லை, பிள்ளையின் நேரத்தை எடுக்கிறது, அந்த நேரத்தில் வேறொன்று போகிறது. இருபது மார்க் நிச்சயம் என்றால் ஒரு முடிவு எடுப்போம், ஐந்து மார்க் ஒருவேளை வரலாம் என்றால் வேறு முடிவு எடுப்போம். சுவரில் இருக்கும் எண் பெரிதாக்கிக் காட்டப்பட்டது என்றால் நாம் கொடுக்கும் விலையும் தப்பாகிறது. வாரநாள் வகுப்புக்கு மாற்றிக் கேட்டேன், மேம் தட்டாமல் மாற்றிக் கொடுத்தார், தமிழ் வகுப்புக்குத் திரும்பப் போகிறான்.

பெரிய வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. ‘எங்கள் மேட்ரிக் மாணவர்கள் நூறு சதவீதம் தேர்ச்சி’ என்று ஒரு போர்டும் இருக்கிறது. 2024-ல் நாட்டின் மேட்ரிக் தேர்ச்சியே 87.3 சதவீதம், டியூஷனுக்குக் காசு கட்டும் வீட்டுப் பிள்ளைகளிடையே அது இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும், ஆகவே நூறு என்பதில் பெரிய ஆச்சரியம் இல்லை. எந்தக் கணக்கில் தேர்ச்சி என்று கேளுங்கள். கிரேடு 10-ல் கணிதத்திலிருந்து மேத்ஸ் லிட்டரசிக்கு மாறலாம், அது அன்றாட வாழ்க்கைக் கணக்கு, சுலபமான பாடம், ஆனால் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கதவு அடைந்துவிடும். மேட்ரிக் எழுதுபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் கணிதம் எழுதுகிறார். தடுமாறும் பிள்ளைகளை லிட்டரசிக்கு மாற்றிவிட்டால் எந்தப் பள்ளிக்கும் எந்த மையத்துக்கும் தேர்ச்சி விழுக்காடு ஏறிவிடும், ஒரு பிள்ளைகூடப் புதிதாக ஒன்றும் கற்றிருக்க வேண்டியதில்லை. அதே நாட்டில் 2021 பிர்ல்ஸ் தேர்வில் நாலாம் கிரேடு பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் எந்த மொழியிலும் பொருள் புரிந்து வாசிக்கும் நிலையில் இல்லை என்று வந்ததையும் இந்த 87.3-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேமிடம் இரண்டு மூன்று விஷயம் கேட்டேன். நுழைவுத் தேர்வின் அதே கடினத்தில் வேறு தாள் ஒன்றை ஆறு மாதம் கழித்து, பயிற்சிப் புத்தகத்தைச் சாராமல் வைக்க முடியுமா என்று கேட்டேன், ஒப்புக்கொண்டார். மார்க்குக்குப் பதில் தலைப்பு வாரியாக எது வருகிறது, எது வரவில்லை என்று ஒரு தாள் தரமுடியுமா என்றேன், அதையும் இந்த டேர்மிலிருந்து தருகிறார்கள், என் மகன் தாளில் ‘அடைப்புக்குறி விரித்தல்: தானே சரிபார்க்கிறான்’ என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். ஜனவரியில் இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பிக்கிறார்களே, வந்த வரிசைக்குப் பதில் குலுக்கல் போட்டு எடுத்து, கிடைக்காதவர்களின் மார்க்கையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நேர்மையான ஒப்பீடு கிடைக்குமே என்றேன். அதற்கு மட்டும் தலையசைக்கவில்லை. ராத்திரி மூன்று மணிக்கே வரிசையில் நிற்கும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வேன் என்று கேட்டார். அதிலும் நியாயம் இருக்கிறது. தான் இத்தனை வருஷம் பள்ளியில் இருந்தும் எந்தப் பிள்ளை தன்னால் முன்னேறியது, எது தானாகவே முன்னேறியது என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை என்று அவரே சொன்னார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

சுவர்ப் பட்டியல் இன்னும் அப்படியே இருக்கிறது. பக்கத்து மையங்கள் எல்லாம் வைத்திருக்கும்போது நான் மட்டும் எடுத்தால் ஆள் வராது என்கிறார்.

யாருக்கு இந்த இடம் சரிப்படும்? பின்தங்கிய பிள்ளை, பொறுமையாக ஒரு வருஷம் விட்டுவைக்கத் தயாரான பெற்றோர், இவர்களுக்கு நல்ல இடம். வாரநாள் சாயங்கால வகுப்பைக் கேட்டு வாங்குங்கள், சனிக்கிழமை வேண்டாம். சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், அதைத் தவறவிடாதீர்கள், பிள்ளை தப்பு செய்யும்போது டீச்சர் என்ன செய்கிறார் என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே எழுபதுக்கு மேல் வாங்கும் பிள்ளைக்கு இது தேவையில்லை, அந்தக் காசுக்கு வேறு எவ்வளவோ செய்யலாம். ஜூன் ரிப்போர்ட் கையில் கிடைத்த அன்றே ஓடாமல் அதற்கு முந்தைய நாலைந்து டெஸ்ட் தாள்களையும் எடுத்து வைத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் அந்தத் தாள்களோடு மேமைப் போய்ப் பாருங்கள், எந்த வகுப்பில் போடுவது என்று அவற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார், நுழைவுத் தேர்வுக் கட்டணமும் மிச்சம்.